சித்திரை வெயிலில் மடிக்கணினி ஏன் மந்தமாகிறது?

சித்திரை, வைகாசி மாதங்களில் மடிக்கணினி மந்தமாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால், விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவித் தருவதே யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் கிடைக்கும் தீர்வு. மதியம் இரண்டு மணிக்குத் திணறும் அதே கணினி விடியற்காலையில் தடையின்றி ஓடுமானால், கோளாறை மென்பொருளில் தேடுவதற்கு முன் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

கணினியின் கணக்குகளைச் செய்யும் சில்லான முறைவழியாக்கிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் எனும் நுண்ணிய ஆளிகள் நிலைமாறும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு மின்சக்தி வெப்பமாகிறது. இவ்வாறு செலவாகும் வலு, சில்லு வினாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதைக் குறிக்கும் மீடிறனுக்கு நேர்விகிதமாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் உயர்கிறது. மீடிறனைக் கூட்ட வேண்டுமானால் வோல்ற்றளவையும் கூட்டியாக வேண்டும் என்பதால், உச்ச வேகத்தின் கடைசிப் பகுதிக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம். ஓர் உதாரணக் கணக்கு: 4.0 கிகாஹேர்ட்ஸில் 1.2 வோல்ற்று தேவைப்படும் சில்லு 3.2 கிகாஹேர்ட்ஸில் 1.0 வோல்ற்றுடன் ஓடுமானால், வேகம் 20 வீதம் குறைய, வெப்பமோ ஏறத்தாழ 44 வீதம் குறைகிறது.

அந்த வெப்பம் இறுதியில் அறைக் காற்றுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே சில்லின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையும், அதன்மேல் சில்லு தானே ஏற்றிக்கொள்ளும் பாகைகளும் சேர்ந்த தொகை. 22 பாகைக் குளிரூட்டிய அறையில் 85 பாகையில் ஓடும் கணினி, அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் 34 பாகை அறையில் அதே வேலையைச் செய்யும்போது 97 பாகையைத் தொடும். இன்டெல் நிறுவனத்தின் மடிக்கணினிச் சில்லுகள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸே எல்லை. அந்த எல்லையை நெருங்கியதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள மீடிறனையும் வோல்ற்றளவையும் தானாகவே குறைத்துக்கொள்கிறது. நாம் மந்தம் என்று உணர்வது இதைத்தான்.

இதை வீட்டிலேயே உறுதிப்படுத்தலாம். சில்லின் வெப்பநிலையையும் மீடிறனையும் காட்டும் ‘கோர் டெம்ப்’ போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பெரிய கோப்புறையைச் சுருக்கும் வேலையைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். தொடங்கி அரை நிமிடமளவில் வேகம் சற்று இறங்கினால் கலங்க வேண்டாம். உச்ச வலுவைச் சிறிது நேரம் மட்டுமே அனுமதிப்பது அச்சில்லுகளின் இயல்பு. வெப்பநிலை 95 பாகைக்கு மேல் நிற்க, மீடிறன் சில்லின் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் மட்டுமே வெப்பத்தைக் குற்றம் சொல்லலாம். 65 பாகையிலும் கணினி திணறுகிறதென்றால் வன்தட்டையும் நினைவகத்தையும் பாருங்கள்.

வெப்பம்தான் காரணம் என்று தெரிந்தால், முதலில் கவனிக்க வேண்டியது தூசு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசு வீட்டுக்குள் எங்கும் படிகிறது. மின்விசிறி அதை உள்ளே இழுத்து, சில்லின் வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லும் செப்புக் குழாயின் முனையிலுள்ள மெல்லிய தகடுகளின் உட்பக்கத்தில் அடைத்துவிடுகிறது. வெளித் துவாரத்தினூடாகப் பார்த்தால் தகடுகள் சுத்தமாகவே தெரியும். மின்விசிறியைக் கழற்றினால்தான் நூலிழையும் செம்மண்ணும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும் அடுக்கைக் காணலாம். அதை மென்தூரிகையால் அகற்றுங்கள். காற்றை ஊதிச் சுத்தம் செய்வதானால் விசிறியின் இதழ்களைச் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டற்ற வேகத்தில் சுழன்றால் அதன் தாங்கி பழுதாகலாம். எதையும் தொடுவதற்கு முன் மின்னேற்றியையும் பற்றரி இணைப்பையும் கழற்றிவிடுவது கட்டாயம்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்காற்றோடு வரும் உப்பு, ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிறது. குடாநாட்டின் இரவுகளில் அந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. மின்சுற்றுப் பலகையில் படிந்த தூசில் உப்பும் கலந்திருந்தால் அது மின்னைக் கடத்தி, செப்பு இணைப்புகளை அரிக்கத் தொடங்கும். எனவே காரைநகரிலோ பருத்தித்துறையிலோ பயன்படும் கணினியைச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

சில்லுக்கும் செப்புக்கும் இடையே பூசப்படும் தேர்மல் பேஸ்ட் எனும் வெப்பம் கடத்தும் பசை ஆண்டுகள் செல்லக் காய்ந்துவிடும். செப்பின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 400 அலகு, காற்றினுடையதோ 0.026 மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் காற்று புகுந்தாலும் வெப்பம் அங்கேயே தேங்கிவிடுகிறது. பழையதை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, மெல்லிதாகப் புதியதைப் பூசினால் போதும். தடிப்பாகப் பூசுவது பயனைக் குறைக்கும்.

கணினியைத் திறக்க விரும்பாதவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது விண்டோஸின் ‘பவர் ஒப்ஷன்ஸ்’ பகுதியில் செய்யக்கூடிய ஒரேயொரு மாற்றம். அங்கே ‘மக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ என்பதை 100 இலிருந்து 99 ஆக்கினால், பெரும்பாலான கணினிகளில் ‘டர்போ’ எனப்படும் மேலதிக வேகம் நின்றுவிடும். எண்ணில் மாறுவது ஒரு வீதம் மட்டுமே என்றாலும், மேலே கணக்கிட்ட விலையுயர்ந்த கடைசிப் பகுதி முழுவதும் அதனுடன் நீங்குகிறது. கட்டுரை எழுதவும், இணைய வகுப்பில் இருக்கவும் அந்த வேகம் தேவைப்படுவதில்லை. காணொளி தொகுப்பவர்களுக்கு மட்டும் இழப்பு தெரியும். அவர்கள் பகலில் 99 இல் வைத்திருந்து, இரவு அறை குளிர்ந்த பின் 100 க்கு மாற்றிக்கொள்ளலாம். பற்றரியில் ஓடும்போதும் மின்னிணைப்பில் இருக்கும்போதும் இதற்குத் தனித்தனி அளவுகள் உள்ளன என்பதால் இரண்டையும் மாற்றுங்கள்.