குயின்ஜியின் நிலவொளி: இருட்டுக்குப் பொருள் சொல்லும் முன்

எண்ணெய் வண்ண ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால், ஓவிய ரசனை வகுப்புகளுக்கு அவ்வப்போது என்னை அழைப்பார்கள். ரஷ்ய நிலக்காட்சி ஓவியர் ஆர்ஹிப் குயின்ஜி 1880-இல் முடித்த ‘தினேப்பர் ஆற்றில் நிலவிரவு’ ஓவியத்தைத் திரையில் காட்டியதும், “கீழே ஒரே இருட்டு, ஓவியருக்கு ஏதோ பெருஞ்சோகம்” என்று மாணவர் ஒருவராவது சொல்லிவிடுவார். அந்த அவசரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

முதலில் அமைப்பைப் பாருங்கள். உயரமான கரையிலிருந்து பார்க்கும் ஓவியர், தொடுவானத்தைத் தாழ்த்திப் பெரும்பகுதியை வானத்துக்கே கொடுத்துவிடுகிறார். மேக இடைவெளியில் சிறிய நிலவு, கீழே பச்சை கலந்த வெள்ளியாய் ஆறு. கண் இவ்விரண்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கரையோரக் குடிசையின் சன்னலில் செம்புள்ளியாக ஒரு விளக்கு. அதை விரலால் மறைத்துப் பாருங்கள், நிலவின் குளிர்ச்சி குறைந்துவிடும். நிலத்தின் செம்பழுப்பு வெம்மை அருகில் இருப்பதால்தான் ஆற்றின் பசுமை ஒளிர்கிறது. வெள்ளையை அள்ளிப் பூசி வரவழைத்த ஒளி அன்று அது.

பீட்டர்ஸ்பர்க்கில், சன்னல்களை மூடிய அறையில், விளக்கு வெளிச்சத்தில் இந்த ஒரே ஓவியம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பின்னால் விளக்கு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதோ என்று சிலர் ஐயப்பட்டனர். இன்று ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருப்பது அந்த நிறமன்று. ஓவியத்தை வாங்கிய இளவரசர் கான்ஸ்தந்தீன் கான்ஸ்தந்தீனவிச், எழுத்தாளர் துர்கனேவ் தடுத்தும் கேளாமல், அதைக் கடற்பயணத்துக்கு எடுத்துச் சென்றார். உப்புக் காற்று ஒருபுறமிருக்க, குயின்ஜியின் வண்ணக் கலவையிலேயே வினை இருந்தது; தார் கலந்த பழுப்பு காலப்போக்கில் கறுத்துவிடும். இந்த நிறங்கள் நிலைக்குமா என்று சக ஓவியர் கிராம்ஸ்கோய் அப்போதே கவலைப்பட்டிருக்கிறார்.

அந்தப் பழுப்பை எண்ணெயில் குழைத்து ஒரு பலகையில் நானே தீட்டிப் பார்த்தேன். பூசிய அன்று தேன்போல ஒளி ஊடுருவியது. மாதங்கள் கழித்தும் விரல் நுனியில் பிசுபிசுத்தது. குயின்ஜி இட்ட நிழலிலும் அத்தகைய தெளிவு இருந்திருக்கும். இன்று நாம் காணும் கருமையில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு காலத்துடையது என்று பிரித்துப் பார்க்காமல் அவர் மனநிலையைப் பற்றிப் பேசுவது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி.

ஆகவே மாணவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: காலம் அதிகம் தொடாத அமைப்பிலிருந்து தொடங்குங்கள், அடுத்து எந்த நிறம் எதனினும் வெம்மையானது என்று ஒப்பிடுங்கள், இருட்டின் அளவைக் கடைசியில் பேசலாம். கைப்பேசியில் பார்ப்பவர்கள் இதே ஓவியத்தின் இரண்டு மூன்று படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆறு நீலமாக இருக்கும், மற்றொன்றில் பச்சையாக இருக்கும்.