திகதிக் கணக்கை ஒரே இடத்தில் போடுங்கள்

தவணை தவறிய கடன்களின் பட்டியலை எஸ்கியூஎல்லில் (SQL, தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழி) எடுப்பதாக வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேண்டும், நகை அடகுக்கடைக்கும் வேண்டும். இன்றைய திகதியிலிருந்து தவணைத் திகதியைக் கழிக்கும் அதே கணக்கு, வேண்டிய நிரல்களைக் கேட்கும் செலக்டில் (SELECT) ஒன்று, நிரைகளை வடிகட்டும் வேரில் (WHERE) ஒன்று, 30, 60, 90 நாள் எனப் பிரிக்கும் கேஸில் (CASE) மூன்று, வரிசைப்படுத்தும் ஓடர் பையில் (ORDER BY) ஒன்று என ஆறு இடத்தில் கிடக்கும். 90ஆம் நாளையும் சேர்க்கச் சொன்னால் ஓரிடம் திருந்தும், இன்னோரிடம் தப்பிவிடும். அதன்பின் பட்டியலும் கூட்டுத்தொகையும் ஒத்துவராது.

செலக்டில் வைத்த பெயரை வேரில் பாவிக்க முடியாது. வேர்தான் முதலில் மதிப்பிடப்படும். அதனால்தான் எல்லோரும் கொப்பி பண்ணுகிறார்கள். கணக்கை, வினவலின் தொடக்கத்தில் வரும் வித் (WITH) பகுதியில் ஒருமுறை போட்டுப் பெயரிடுங்கள். இதே வேலைக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் லேட்டரல் (LATERAL), எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தில் குரொஸ் அப்ளை (CROSS APPLY) இன்னும் வசதி.

ஆனால் வேரில் அந்த நாள் எண்ணிக்கையை வைத்து வடிகட்டாதீர்கள். நிரல் கணக்குக்குள் போனால் அதன் மேலுள்ள சாதாரண இன்டெக்ஸை (விரைவாகத் தேட உதவும் சுட்டி) தேடலுக்குப் பாவிக்க முடியாது. ஒவ்வொரு நிரைக்கும் கழித்தல் நடக்கும். இன்றிலிருந்து 90 நாளைக் கழித்து எல்லைத் திகதியை எடுங்கள். தவணைத் திகதி அதைவிடச் சிறியதா என்று மட்டும் பாருங்கள். நிரல் தனியாக நிற்க வேண்டும், கணக்கெல்லாம் மறுபக்கம்.

மாத அறிக்கைக்கும் இதே விதிதான். வருடத்தையும் மாதத்தையும் பிரித்தெடுக்கும் இயர் (YEAR), மந்த் (MONTH) சார்புகளை விட்டு, மாதத்தின் முதலாம் திகதிக்குச் சமம் அல்லது கூட, அடுத்த மாதத்தின் முதலாம் திகதிக்குக் குறைவு என்று எழுதுங்கள். இரு எல்லைகளைக் கொடுக்கும் பிட்வீனில் (BETWEEN) 31ஆம் திகதியை முடிவாகப் போட்டால், நேரமும் சேர்ந்த நிரலில் 31ஆம் திகதி தொடங்கும் நள்ளிரவுக்குப் பிந்திய பதிவுகள் எல்லாம் விடுபடும்.

இப்போதைய நேரத்தைத் தரும் நவ் (NOW) என்பதைப் பலமுறை அழைப்பதால் வேகம் குறையும் என்ற பயம் பெரும்பாலும் வீண். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரு வினவல் முழுக்க அது ஒரே பெறுமதிதான். அங்கே சிஸ்டேட் (SYSDATE) அப்படியல்ல, அழைக்கும் கணத்து நேரத்தைத் தரும்.

சேர்வர் யூடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) ஓடினால், இங்கே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அதற்கு இன்னும் நேற்றுத்தான். இரவு ஒரு மணிக்கு ஓடும் நிலுவை அறிக்கை நேராக அதில் மாட்டும். கையால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டவும் வேண்டாம்: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது, பழைய பதிவுகள் பிழைக்கும். ஏசியா/கொழும்பு (Asia/Colombo) என்ற நேர வலயப் பெயரைக் கொடுங்கள்.

வேலைநாள் எண்ண வேண்டுமென்றால் சூத்திரம் தேடாமல் நாட்காட்டி அட்டவணை ஒன்று வையுங்கள். போயா நாளும் தீபாவளியும் சனி, ஞாயிறு போல எளிய கழித்தலில் அகப்படா. பத்து வருடத்துக்கு 3,650 சொச்சம் நிரைகள்தான். விடுமுறைப் பட்டியல் வந்ததும் அந்த வருடத்துக்குக் குறித்துவிட்டால் போதும்.