கடலேற்றம்: ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்பதன் பொருளும் தமிழும்

‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. ஒருவர் ‘புயல் அலை’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ‘கடல் கொந்தளிப்பு’ என்கிறார். ‘புயல் எழுச்சி’ என்பவர்களும் உண்டு. ஒரு கலைச்சொல்லுக்கு நாலைந்து வடிவங்கள் இருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இது பாடநூலோடு நின்றுவிடும் சொல் அல்ல, எச்சரிக்கையில் வரும் சொல். அதைக் கேட்டவர் வீட்டுக்குள் இருப்பாரா, மேட்டுக்குப் போவாரா என்பது அந்தச் சொல் அவருக்கு எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. இதற்குப் பிலிப்பைன்ஸ் நாடு கொடுத்த விலை மிகப் பெரியது.

முதலில் பொருளைப் பார்ப்போம். புயல் கரையை நெருங்கும்போது கடலின் மட்டமே உயர்ந்து, நீர் நிலத்தின்மேல் ஏறி வருவதுதான் ஸ்டார்ம் சர்ஜ். அலை கரையில் மோதிவிட்டுத் திரும்பிப் போகும். இது போகாது. கடல் தன் இடத்தைவிட்டு உயர்ந்து, தெருவையும் வீட்டையும் மூடி நிற்கும். அந்த உயர்ந்த நீரின் முதுகில் அலைகள் தனியே வந்து அடிக்கும். ஆகவே அலை வேறு, இது வேறு.

கடல் உயர இரண்டு காரணங்கள் உண்டு. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் அங்கே கடல்மட்டம் சற்று மேலெழுகிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். மிகக் கடுமையான புயலிலும் இதனால் மட்டும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான் உயர்வு கிடைக்கும். மற்றதெல்லாம் காற்றின் வேலை. காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே வருகிறது. ஆழ்கடலில் அந்த நீர் அடியில் இறங்கிப் பரவிவிடும். கரையோரக் கடல் ஆழம் குறைந்ததாக இருந்தால் அதற்கு இறங்க இடமில்லை, மேலே ஏறுகிறது. விரிகுடா புனல் போலக் குறுகிச் சென்றால் இன்னும் ஏறுகிறது. ஒரே புயல் ஒரு கரையில் ஒரு மீட்டரும் பக்கத்துக் கரையில் ஐந்து மீட்டரும் நீரை ஏற்றுவது இதனால்தான்.

‘சர்ஜ்’ என்பதன் வேர், ‘எழு’ என்று பொருள்படும் ‘சுர்கெரே’ என்ற லத்தீன் வினை. ஆங்கிலத்தில் தொடக்கத்தில் ஊற்றையும் நீரோட்டத்தையும் குறித்து, பிறகு திரண்டெழும் அலைக்குப் பெயராயிற்று. இன்று மின்னழுத்தம், விலைவாசி, கூட்டம் என்று திடீரென உயர்வது எதற்கும் ஆங்கிலத்தில் அது பொதுச்சொல். கடல் என்ற குறிப்பே அந்தத் தொடரில் இல்லை. ஆங்கிலம் தாய்மொழியானவருக்கே விளக்கிச் சொல்ல வேண்டிய தொடர் அது.

பிலிப்பைன்ஸ் மக்களுக்குப் புயல் புதிதல்ல. அந்நாட்டு வானிலை நிறுவனமான பகாசாவின் கணக்குப்படி, ஆண்டுக்குச் சராசரியாக இருபது புயல்கள் அதன் கண்காணிப்புக் கடற்பரப்புக்குள் நுழைகின்றன. புயலுக்கு அவர்கள் சொல் ‘பாக்யோ’. மிகப் பழைய சொல் இது. ஸ்பானியர் தம் எழுத்தில் ‘பகியோ’ என்று எழுதியதை ஒரு நூற்றாண்டுக்கு முன் மேலை நாட்டு வானிலையாளர்களும் பிலிப்பைன்ஸ் புயலுக்குப் பெயராகக் கையாண்டார்கள். (அங்குள்ள பாகியோ மலைநகரின் பெயர் புயலிலிருந்து வந்ததாகப் பலர் நினைப்பதுண்டு. அது பாசி போன்ற ஒரு செடியின் பெயரிலிருந்து வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.) வெள்ளத்துக்கு அவர்கள் சொல் ‘பஹா’. மலாய் மொழியின் ‘பா’ என்ற வெள்ளச்சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. தென்மேற்குப் பருவக்காற்றை ‘ஹபகாத்’ என்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹபகாத் மழை பெய்துகொண்டிருக்க, அதன்மேல் புயலும் வந்து சேர்ந்தால் பஹா. 2009 செப்டம்பர் 26 அன்று ஒண்டோய் புயல் கேசோன் நகரில் ஒரே நாளில் 455 மில்லிமீட்டர் மழை பொழிந்து, மரிக்கினா ஆற்றை ஊருக்குள் ஏற்றியது அப்படிப்பட்ட வெள்ளம்.

ஆக, காற்றுக்கு ஒரு சொல், மழைவெள்ளத்துக்கு ஒரு சொல். இரண்டும் பாட்டி காலத்துச் சொற்கள், கேட்டவுடனே என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பாக்யோ என்றால் கூரையைக் கட்டி, கதவைச் சாத்தி, உறுதியான சுவருக்குள் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். பஹா என்றால் சாமான்களை மேலே ஏற்றி, தண்ணீர் படிப்படியாக ஏறுவதைப் பார்த்து வெளியேறலாம். கடலே ஊருக்குள் வருவதற்கு இந்த இரண்டு வழிகளும் உதவாது. அதற்கு முன்கூட்டியே கரையை விட்டுப் போய்விட வேண்டும்.

2013 நவம்பர் 8 அதிகாலை, யோலாந்தா புயல் கிழக்குச் சாமர் மாகாணத்தின் கிவானில் கரையேறியது. உலகம் அதை ஹையான் என்ற பெயரில் அறியும். அமெரிக்கக் கடற்படையின் புயல் மையம் மதிப்பிட்ட காற்றின் வேகம் மணிக்கு 315 கிலோமீட்டர். காலை ஏழு மணியளவில் அது லெய்தே தீவின் தொலோசாவைத் தொட்டது. தக்லோபான் நகரம் அதற்குச் சற்று வடக்கே, சான் பெட்ரோ விரிகுடாவின் மேல்முனையில், தாழ்ந்த கரையில் இருக்கிறது. ஆழம் குறைந்து, உள்ளே போகப் போகக் குறுகும் விரிகுடா அது. புயல் நெருங்கியபோது வடக்கிலிருந்து வீசிய காற்று விரிகுடாவின் நீரை வெளியே தள்ளியது; கடல் உள்வாங்கியது. மையம் தெற்கே கடந்ததும் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வீச, வெளியே போன நீரும் சேர்ந்து திரும்பி வந்தது. ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். அனிபோங் பகுதியில் கப்பல்கள் குடியிருப்புகளின்மேல் ஏறி நின்றன. அவற்றுள் ஒன்றின் முன்பகுதி இன்று நினைவுச்சின்னமாக அங்கேயே நிற்கிறது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஏழு மீட்டர் வரை ஸ்டார்ம் சர்ஜ் எழலாம் என்று பகாசாவின் அறிவிப்பு முதல் நாளே சொன்னது. எண்கூடச் சரியாகவே இருந்தது. ஆனால் வராய் மொழி பேசும் அந்தக் கரையில் அந்த ஆங்கிலத் தொடர் பலருக்கு எதையும் காட்டவில்லை. பெரிய அலை என்று சிலர் எண்ணினார்கள், வழக்கமான பாக்யோவின் ஒரு பகுதி என்று சிலர் எண்ணினார்கள். ‘சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்’ என்பது தப்பிப் பிழைத்தவர்கள் பிறகு திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. புகலிடங்களும் காற்றை நினைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. ஆஸ்ட்ரோடோம் என்று மக்கள் அழைக்கும் மாநாட்டு அரங்கில் ஆயிரக்கணக்கானோர் தங்கியிருந்தார்கள். கூரை காற்றைத் தாங்கக்கூடியது, கட்டடம் நின்றதோ கடலோரத்தில். தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் புகுந்தபோது மேல்வரிசை இருக்கைகளுக்கு ஏறியவர்கள் பிழைத்தார்கள். ஏற முடியாமல் இறந்தவர்களும் உண்டு. அந்தப் புயலில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 6,300 பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமற்போனார்கள்.

வீட்டையும் பொருளையும் விட்டுப் போக மனமில்லாமல் தங்கியவர்களும் இருந்தார்கள். எல்லா இறப்புக்கும் ஒரு சொல்லையே காரணமாக்குவது நியாயமல்ல. ஆனாலும் என்னை உறுத்துவது வேறொன்று. 1897 அக்டோபரிலும் ஒரு புயல் இதே சாமர், லெய்தே கரைகளில் கடலை ஏற்றியது. மணிலா வானாய்வகத்தின் ஏசுசபைத் துறவி ஹோசே அல்கே அதைப் பற்றி விரிவாக எழுதியும் வைத்தார். நிகழ்வு பதிவாகியிருந்தது, ஊர்ப்பேச்சில் அதற்கு ஒரு பெயர் நிலைத்திருக்கவில்லை.

யோலாந்தாவுக்குப் பிறகு ‘தலுயோங் ங் பாக்யோ’ என்ற தொடர் அறிவிப்புகளில் இடம்பெற்றது. ‘தலுயோங்’ என்பது திரண்டெழும் பெருநீரைக் குறிக்கும் தகலோக் மொழிச் சொல். ‘புயலின் தலுயோங்’ என்னும்போது காரணமும் விளைவும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. மறு ஆண்டு டிசம்பரில் ரூபி புயல் அதே கிழக்குச் சாமரை நெருங்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்ந்தார்கள். யோலாந்தாவின் நினைவும் அவர்களை நகர்த்தியது. உயிரிழப்பு முன்னதோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைந்தது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ‘புயல் அலை’ எளிமையானது, ஆனால் தக்லோபானில் நேர்ந்த அதே தவற்றுக்கு இடம் தருகிறது. அலை என்றால் கரையில் அடித்துவிட்டுப் போகும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ‘கடல் கொந்தளிப்பு’ மீனவர் கடலுக்குப் போகக்கூடாது என்று மட்டும் சொல்கிறது. கரையில் இருப்பவருக்கு ஆபத்து என்று சொல்லவில்லை. ‘புயல் எழுச்சி’ ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு; எழுவது காற்றா கடலா என்பது தெரியாது. ‘கடல்கோள்’ அருமையான பழஞ்சொல், ஆனால் நிலத்தையே நிரந்தரமாகக் கடல் கொண்டுபோவதைக் குறித்து வழங்கிவிட்டது. சுனாமிக்கும் அதைச் சிலர் ஆள்கிறார்கள்.

நான் பரிந்துரைப்பது ‘கடலேற்றம்’. கடல் உள்வாங்குகிறது என்று சொல்கிற தமிழில், கடல் ஏறுகிறது என்பதும் உடனே விளங்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததைப் பேசுகிறவர்கள் காற்றை அல்ல, கடல் ஊரை விழுங்கியதையே சொல்கிறார்கள். அங்கே வந்ததும் இதுதான். அன்றாட நீரேற்றத்திலிருந்து பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் ‘புயல் கடலேற்றம்’ என்று முழுமையாக எழுதலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. கடலேற்றத்தின் அளவு, வழக்கமான ஓதத்துக்கு (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு) மேல் எவ்வளவு என்று கணக்கிடப்படுவது. உயர் ஓத நேரத்தில் அது வந்தால் இரண்டும் கூடி நிற்கும். அந்தக் கூட்டு மட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ம் டைட்’ என்கிறார்கள். பாடநூல்களில் ஓதம் என்ற சொல் ஏற்கெனவே பழகியிருப்பதால் அதைப் ‘புயலோதம்’ எனலாம். இது வல்லுநர் அறிக்கைக்கு உரியது. பொது அறிவிப்பில் கடலேற்றம் என்ற பெயரோடு நிறுத்தாமல் வினையையும் சேர்த்து எழுத வேண்டும்: ‘புயல் கடலேற்றத்தால் கடல்நீர் ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் வரை புகும், தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்கு நிற்கும், இன்று மாலைக்குள் மேட்டுப் பகுதிக்குச் சென்றுவிடுங்கள்.’