பிரீபிரிண்ட்: முன்பகிர்வு என்று எழுதுவோம்

'பிரீபிரிண்ட்' என்பதை 'முன்பதிப்பு' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஆய்வுக் கருத்தரங்கு எங்கே நடந்தாலும் மாணவர்களின் ஆய்வுச் சுருக்கங்களில் இந்தச் சொல்தான் வருகிறது. எழுதுகிறவர் ஒன்றை நினைக்கிறார், படிக்கிறவர் வேறொன்றை விளங்கிக்கொள்கிறார்.

கட்டுரையை எழுதி முடித்த ஆய்வாளர், ஆய்விதழின் மதிப்பாய்வாளர்கள் பார்த்து முடிவு சொல்வதற்கு முன்பே, எவரும் காசு கட்டாமல் படிக்கும்படி அதை இணையக் களஞ்சியத்தில் இடுகிறார். அதுதான் பிரீபிரிண்ட். பௌதிகவியலாளருக்கு 1991 முதல் 'ஆர்க்கைவ்' என்ற களஞ்சியம் இருக்கிறது. இரசாயனவியலில் இந்தப் பழக்கம் பிந்தித்தான் வந்தது. 2000 இல் தொடங்கிய ஒரு களஞ்சியம் நாலு வருடத்தில் நின்றுபோனது; ஏற்கெனவே வெளிவந்ததை எடுக்க மாட்டோம் என்று பெரிய இதழ்கள் பிடிவாதமாக இருந்த காலம் அது. 2017 இல்தான் அமெரிக்க இரசாயனச் சங்கம், பிரித்தானிய, ஜேர்மன் சங்கங்களின் துணையோடு 'கெம்ஆர்க்கைவ்' களஞ்சியத்தைத் திறந்தது. அங்கே திருட்டு எழுத்தா, துறைக்குப் பொருந்துமா என்று பார்ப்பார்கள். முடிவுகள் சரியா என்று பார்ப்பதில்லை.

சொல்லின் வேர் இலத்தீன். 'பிரே' என்றால் முன், 'பிரெமெரே' என்றால் அழுத்து. கட்டுரைப் படிகளைத் தபாலில் சக ஆய்வாளருக்கு அனுப்பிய காலத்துப் பெயர், தாளில் அச்சாகாத இதழ்கள் வந்த பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, 'முன்பதிப்பு' ஏன் கூடாது? புத்தகக் கடையில் போய் முன்பதிப்பு இருக்கிறதா என்று கேட்டால், முந்தைய பதிப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். அதைவிடப் பெரிய பிழை 'பதிப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்கிறோம். ஏடுகளைத் தேடி, பாடங்களை ஒப்பிட்டு, பிழை களைந்து, இதுதான் பாடம் என்று நிறுவிய வேலை அது. நம்மவர் காதில் பதிப்பு என்றால் சரிபார்த்து முடிந்தது என்றுதான் விழும். யாரும் சரிபார்க்காத கட்டுரைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பொருளைத் தலைகீழாக்குகிறது.

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். வவுனியா மாவட்டத்துக் கிணற்று நீரில் புளோரைட்டு ஒரு நெடுநாள் கவலை; உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். சிறுநீரக நோயோடு சேர்த்துப் பேசப்படும் விஷயம் இது. நாளை ஒரு கட்டுரை களஞ்சியத்தில் ஏறி, 'பதிப்பிக்கப்பட்ட ஆய்வு' என்று செய்தியில் வந்தால், சனம் அதை நம்பிக் கிணற்றை மூடும், அல்லது நம்பிக் குடிக்கும்.

'முன்வெளியீடு' என்பாரும் உண்டு. அது நூல் வருமுன் சலுகை விலைக்குப் பணம் வாங்கும் திட்டத்தின் பெயராகிவிட்டது. 'முன்வரைவு' என்றால் அரைகுறை என்று பொருள்படும். இதுவோ முழுமையான கட்டுரை. 'முன்னச்சு' கேடில்லை, ஆனால் பிரிண்ட் என்றதும் அச்சு என்று துண்டுதுண்டாக மாற்றியது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலருக்கு இதுவே வழக்கமாகிவிட்டது. சொல்லை உடைக்கிறார்கள், பொருளைத் தொடுவதில்லை. 'ஓப்பன் அக்சஸ்' என்பதை 'இலவச அணுகல்' ஆக்கியதும் இவர்கள்தான். விலை இல்லை என்பது அதில் பாதி; எடுத்துப் பகிர, மறுபடி பயன்படுத்த உள்ள உரிமை மறுபாதி. அதற்குத் 'திறந்த அணுக்கம்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

பிரீபிரிண்டுக்கு 'முன்பகிர்வு' போதும். நடக்கிற காரியம் பகிர்வு, நடக்கிற நேரம் மதிப்பாய்வுக்கு முன். வினையாகவும் வளையும்: முன்பகிர்ந்தார், முன்பகிர்ந்த கட்டுரை. செய்தியில் முதல்முறை வரும்போது 'மதிப்பாய்வு முடியாத முன்பகிர்வு' என்று முழுதாக எழுதலாம். அப்புறம் இதழில் ஏறியதை 'இதழ் வடிவம்' என்று வேறாகக் குறிக்கலாம்.