‘அச்சுறுத்தல் நுண்ணறிவு’ என்றொரு சொல்

யார், எப்படி நம் கணினிகளைத் தாக்கக்கூடும் என்று முன்கூட்டியே திரட்டித் தரும் சேதிக்கு ஆங்கிலத்தில் திரெட் இன்டெலிஜென்ஸ் என்று பெயர். அதற்கு ‘அச்சுறுத்தல் நுண்ணறிவு’ என்று பயிற்சிக் கையேடு, விற்பனைத் தாள், கல்லூரிக் கருத்தரங்க அழைப்பிதழ் எல்லாவற்றிலும் அச்சடித்துவிட்டார்கள். மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி வளாகங்களில் இந்த வேலை பார்க்கிறவர்கள் வாயில் இது வருவதில்லை. ‘ஃபீட் வந்துச்சா?’ என்றுதான் கேட்பார்கள்; ஃபீட் என்பது அந்தச் சேதி தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் பட்டியல். தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் இந்த ‘நுண்ணறிவு’ எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

இன்டெலிஜென்ஸ் லத்தீன் வழி வந்த சொல். பலவற்றிலிருந்து தெரிந்தெடுப்பது என்பது வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் அதற்கு அறிவுத்திறன் என்ற பொருளும் உண்டு, எதிரியைப் பற்றி வந்த சேதி என்ற பொருளும் உண்டு. நமக்கு இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. இன்டெலிஜென்ஸ் பீரோவைத் தமிழ் நாளிதழ்கள் பொதுவாக ‘நுண்ணறிவுப் பணியகம்’ என்று எழுதுவதில்லை. உளவுத்துறை என்றே எழுதுகின்றன. கணினி என்றதும் ஏன் புத்தி தடுமாறுகிறது?

விளைவு சாதாரணமானதல்ல. ‘செயற்கை நுண்ணறிவு’ ஊரெல்லாம் நிலைத்துவிட்டது. மாசி வீதியில் நாற்பது கணினி வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரர் ‘அச்சுறுத்தல் நுண்ணறிவுச் சேவை’ என்று படித்தால், ஏஐ பொருத்திய ஏதோ பெட்டி, வாங்கி மாட்டினால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றுதான் நினைப்பார். வாங்குவது சேதி, அதைப் படித்து நடவடிக்கை எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பது சொல்லிலேயே மறைந்துபோகிறது.

முன்பாதியும் கோணல்தான். அச்சுறுத்தல் என்றால் பயம் காட்டுவது. மாடு களவாட வருகிறவன் முதல்நாளே ஆளனுப்பி மிரட்டிவிட்டா வருவான்? பாதுகாப்புத் துறையில் திரெட் என்பது தாக்கும் எண்ணமும் திறமும் வாய்ப்பும் உள்ள தரப்பு. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் என்ற நிரலின் திரையில் வரும் பணம் கேட்கும் கடிதம்தான் உண்மையான அச்சுறுத்தல். அது வரும்போது கோப்பெல்லாம் பூட்டி முடிந்திருக்கும்.

சரி, மாற்று என்ன? தனித்தமிழ் அன்பர்கள் ‘ஒற்று’ என்பார்கள். அழகான சொல், ஆனால் இன்று ஒற்று என்றதும் ‘மிகுமா, மிகாதா’ என்ற சண்டைதான் நினைவுக்கு வருகிறது. ‘துப்பு’ இன்னும் உயிரோடு இருக்கிறது. மதுரைச் சீமையில் களவு போன மாட்டை மீட்க அந்தக் காலத்தில் துப்புக்கூலி கொடுத்தார்கள். இருக்குமிடம் சொல்கிறவருக்குக் காசு. சொல்கிறவரும் களவாடியவரும் ஒரே கூட்டமாகவும் இருப்பார்கள். இன்றைய ரேன்சம்வேர் பேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இராது. ஆனால் துப்பு என்பது ஒற்றைத் தகவல், அதுவும் களவு போன பின் கிடைப்பது. நமக்கு வேண்டியது சோதித்துப் பார்த்த, முன்கூட்டிய செய்தி. ஆகவே ‘சைபர் உளவுத் தகவல்’. ஒருமுறை சொன்ன பிறகு ‘உளவு’ என்றாலே போதும்.

சோதித்துப் பார்த்த என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில தீநிரல்கள் (மால்வேர்) இணையம் வருகிறதா என்று பார்க்க முதலில் 8.8.8.8 என்ற முகவரியைத் தொடும். அது கூகுளின் பொது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை. தீநிரலைத் தானாக ஆராயும் கருவி, அது தொட்ட முகவரிகளையெல்லாம் வாரிப் பட்டியலில் போடும். அந்தப் பட்டியலை அப்படியே வலையமைப்பின் வாசற்காவலான ஃபயர்வாலில் ஏற்றினால், அந்த டிஎன்எஸ்ஸை நம்பியிருக்கும் கடையில் ஒரு தளமும் திறக்காது. ஆன்லைன் பில்லிங் படுத்துவிடும். பட்டியல் பழசானாலும் வம்புதான். தாக்குகிறவன் விட்டுப்போன ஐபி முகவரி அடுத்த மாதம் வேறொரு நல்ல வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷோ, கோப்பில் ஒரு பைட்டை மாற்றினாலே மாறிவிடும். தடைப்பட்டியலில் ஏற்றும் ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி போடாவிட்டால் அது குப்பைமேடு.

‘மூன்று ஃபீடிலும் வந்திருக்கிறதே’ என்பார்கள். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இதற்கு நிபந்தனை சொல்லியிருக்கிறது: ஒற்றர் மூவரின் சொல் ஒத்தால் நம்பலாம், ஆனால் ஒருவரை ஒருவர் அறியாதபடி அவர்களை ஆள வேண்டும். மூன்று நிறுவனங்களும் ஒரே மூலத்திலிருந்து படியெடுத்து விற்றால் அது மூன்று வாய் அல்ல, ஒரே வாய்.

இந்த உளவு எப்படிப் பயன்படும் என்பதற்கு 2017-இல் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை ரேன்சம்வேரே போதும். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், விட்டது 2017 மார்ச் 14. தாக்கும் கருவி வெளியே கசிந்தது ஏப்ரல் 14. தாக்குதல் மே 12. 59 நாள் முன்பே சேதி கையில் இருந்தது. ‘இந்தப் பதிப்பு நம்மிடம் எத்தனை கணினியில் ஓடுகிறது?’ என்று கேட்டுப் பேட்ச் போட்ட இடங்கள் தப்பின. அதனால் ஃபீட் வாங்குவதற்கு முன்னால் சொந்தப் பொருள்பட்டியல் வேண்டும்: எந்த ஃபயர்வால், எந்தப் பதிப்பு, வெளியே திறந்திருக்கும் போர்ட் (இணைப்பு வாசல்) எது, வெளியிலிருந்து உள்ளே வர விபிஎன் யார் யாருக்கு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் எச்சரிக்கை வந்தால் முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் பேட்ச் போட வேண்டும். அதோடு நின்றுவிடாமல், ஓட்டை தெரிவதற்கு முன்பே யாராவது நுழைந்தார்களா என்று பழைய லாகையும், அதாவது கணினிகளில் நடந்தவற்றின் பதிவையும், துழாவ வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவு லாகை 180 நாள் வைத்திருக்கச் சொல்வது இதற்கும் உதவும். தேடாமல் பேட்ச் மட்டும் போடுவது, திருடன் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டுவது.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டியும் பயனில்லை. எக்செல் கட்டத்தில் ஒரு சொல்லை மட்டும் வைத்து, வாக்கியமும் கொடுக்காமல், சொல்லுக்கு இத்தனை பைசா என்று அனுப்பினால் அகராதியின் முதல் பொருள்தான் வரும்.

‘ஸ்பைவேரை ஏற்கெனவே உளவு மென்பொருள் என்கிறோமே, குழம்பாதா?’ என்று கேட்கலாம். குழம்பும். அதை ‘வேவு மென்பொருள்’ ஆக்கிவிடலாம்; வேவு பார்ப்பதுதானே அதன் வேலை. தாக்குதலைக் காட்டிக்கொடுக்கும் ஐபி, ஹாஷ் போன்ற இண்டிகேட்டருக்குத் ‘தடயம்’ இருக்கிறது. ‘சுட்டிக்காட்டி’ என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.