கருப்பைவாய்ப் புற்றுநோய் குணமான பிறகு இன்னொரு புற்றுநோய் வருவது எப்படி?

சென்னையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் கதிர்வீச்சை ‘கரண்ட் வைப்பது’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். உடலுக்குள் செல்வது மின்சாரமன்று, மிகுந்த ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களோ காமா கதிர்களோதான். கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட எண்ணற்ற பெண்கள் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தக் கதிர்களே காரணம். ஆயினும் குணமாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுள் சிலருக்கு வேறோர் உறுப்பில் புதிதாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. இது பழைய நோய் திரும்பி வருவதோ பரவுவதோ அன்று. தனியான, இரண்டாவது நோய்.

இதைக் கண்டறிய ஒரு மருத்துவரின் அனுபவம் போதாது, பல்லாயிரம் பேரைப் பல பத்தாண்டுகள் தொடரும் பதிவேடுகள் தேவை. டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 13 பதிவேடுகளிலிருந்து, கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, கூடுதல் அபாயம் 40 ஆண்டுகள் கடந்தும் நீடிப்பதைக் காட்டியது. சென்னையிலும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பொறுப்பில் 1980களின் தொடக்கத்திலிருந்து ஒரு பதிவேடு நடந்துவருகிறது. ஒரு காலத்தில் இந்நகரப் பெண்களின் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய்க்குப் பின்னே சென்றதை நாம் அறிவது அதனால்தான்.

சிகிச்சையில் இடுப்புப் பகுதிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம் ஐந்து வாரங்களில் 45 முதல் 50 கிரே வரை வெளியிலிருந்து கதிர் செலுத்தப்படுகிறது. பிறகு கதிரியக்க மூலத்தைக் கருப்பைவாயருகே வைத்து உள்கதிர்வீச்சும் அளிக்கிறார்கள். கதிர் பட்ட செல்லில் மரபணு இழையின் இரு புரிகளும் ஒரே இடத்தில் அறுபடலாம். நலமான செல் அதைச் சரிசெய்துகொள்ளும். அதற்கு நேரம் கிடைக்கவே மொத்த அளவைச் சிறு தவணைகளாகப் பிரிக்கிறார்கள். ஆனால் அறுந்த முனைகள் எப்போதாவது தவறாக ஒட்டிக்கொள்வதும், அப்பிழையோடு செல் பிழைத்துப் பெருகுவதும் உண்டு.

பிழைத்திருப்பது என்பதுதான் இங்கே முக்கியமான நிபந்தனை. மிக அதிகக் கதிர் வாங்கிய செல்கள் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன, இறந்த செல் புற்றாக மாறாது. இடுப்பெலும்பில் ரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜை நிறைந்திருந்தும், ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் தரவுகளை வைத்துக் கணக்கிட்டால் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு இப்பெண்களிடம் ரத்தப் புற்றுநோய் கூடாததற்கு இதையே விளக்கமாகச் சொல்கிறார்கள். சற்றே கூடும் அந்த அபாயமும் முதல் பத்தாண்டுகளில்தான் முக்கியமாகத் தெரிகிறது. சிறுநீர்ப்பை, மலக்குடல், பெருங்குடல் போன்ற அண்டை உறுப்புகளில் தோன்றும் கட்டிகளோ பத்தாண்டுகளுக்குப் பிறகே மெல்லத் தலைகாட்டுகின்றன. முப்பதுகளில் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு, அறுபதில் பெற்றவரைவிட இந்த அபாயத்தோடு வாழ வேண்டிய ஆண்டுகள் அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

அதே கதிர் சினைப்பையின் இயக்கத்தையும் அதன் ஹார்மோன் சுரப்பையும் நிறுத்துவதால், மாதவிடாய் முற்றுப்பெறும் முன்பே சிகிச்சை பெற்றவர்களிடம் மார்பகப் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது என்பது வியப்பான மறுபக்கம். சினைப்பை நின்றுபோவதால் எலும்புக்கும் இதயத்துக்கும் வரும் கேடுகளைக் கருதினால், இதை ஆதாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாப் பழியையும் சிகிச்சையின்மேல் போடுவதும் தவறு. கருப்பைவாயில் புற்றை உண்டாக்கிய, உடலுறவால் தொற்றும் ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸே யோனி, பெண்குறியின் வெளிப்பகுதி, மலவாய், தொண்டை ஆகியவற்றிலும் புற்றை உண்டாக்க வல்லது. அதனால் கதிர்வீச்சே பெறாதவர்களிடமும் இவ்விடங்களில் அபாயம் கூடியே இருக்கிறது. மேலைநாட்டுப் பெண்களிடம் புகைப்பழக்கத்தால் நுரையீரல் புற்றுநோயும் மிகுந்து காணப்பட்டது. நம் ஊரில் புகைக்கும் பெண்கள் குறைவு; ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அஞ்ச வேண்டியது வாய்ப் புற்றுநோயை.

இதைப் படித்துவிட்டுக் கதிர்வீச்சே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. சிகிச்சையின்றி விட்டால் முதல் நோய் சில ஆண்டுகளிலேயே உயிரைப் பறிக்கும். இரண்டாவது நோயோ சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. தவிர்க்க வேண்டியது, ஐந்தாண்டு முடிந்ததும் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்திவிடும் வழக்கம். இருபது ஆண்டுகளுக்குப் பின் சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் கண்டால் அது கதிர்வீச்சால் வந்த பழைய புண்ணாக இருக்கலாம், புதிய கட்டியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய உள்நோக்கிப் பரிசோதனையும் (எண்டோஸ்கோபி), தேவைப்பட்டால் மருத்துவர் முடிவுசெய்யும் திசுப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். மூலநோய் என்று எண்ணிக் கைவைத்தியம் செய்துகொண்டிருப்பது ஆபத்து. அப்போது பார்க்கும் மருத்துவர் புதியவராகவே இருப்பார். ஆகவே எந்த ஆண்டில், எந்தப் பகுதிக்கு, எத்தனை கிரே என்று எழுதப்பட்ட சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி, பழைய கோப்புகளோடு மஞ்சள் பையில் பத்திரப்படுத்துவதுடன், மகளிடமோ மருமகளிடமோ அது இருக்குமிடத்தைச் சொல்லிவைக்கவும் வேண்டும்.