பிக்கப்போட பின் பிரேக்குக்கு லோடு ஏத்தியிருக்குன்னு எப்படி தெரியுது?

பிக்கப்புல பின்னாடி காலியா இருக்கும்போதும் ஒரு டன் ஏத்தினப்பவும் பின் டயருக்கு கிடைக்கிற பிடி ஒண்ணு கிடையாது. அதுலயும் பிரேக் அடிச்சா எடை முன்னாடி சாயும், காலி வண்டியில பின் டயர் ரோட்டை லேசா தொட்டுக்கிட்டு தான் இருக்கும், அப்போ முழு பிரஷர் போச்சுன்னா பின் சக்கரம் லாக் ஆகி வண்டி அப்படியே சுத்திடும். முன் சக்கரம் லாக் ஆனா ஸ்டியரிங் தான் கேக்காது, வண்டி நேராவாவது போகும். பின்னாடி லாக் ஆகறது அதைவிட ரொம்ப ஆபத்து.

இதுக்காக பழைய வண்டிகள்ல சேஸிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, ஒரு வால்வை மாட்டி, அதுலருந்து ஒரு ராடும் ஸ்பிரிங்கும் பின் ஆக்சிலுக்கு, அதாவது பின் சக்கரங்களை இணைக்கிற தண்டுக்கு, இழுத்திருப்பாங்க. லோடு ஏறினா சேஸிஸ் கீழ இறங்கும், ராடு வால்வை அழுத்தும், பின் பிரேக்குக்கு கூடுதல் பிரஷர் போகும். அவ்வளவு தான், கரண்ட்டும் கிடையாது சென்சாரும் கிடையாது.

வால்வுக்கு உள்ள இருக்கிற பிஸ்டன் தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலுக்கு பிரஷர் குடுக்கிறது) பக்கம் அதோட முகம் சின்னது, பின் பிரேக் பக்கம் பெருசு. பிரஷர் ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறும்போது பெரிய முகத்துல விசை கூடிக்கிட்டே வரும், ஸ்பிரிங்கை ஜெயிச்சதும் பிஸ்டன் நகர்ந்து வழியை அடைச்சிடும், இன்னும் மிதிச்சா கொஞ்சம் திறந்து திரும்ப அடைக்கும். உதாரணமா 30 பார் (பிரஷரோட அளவு) வரைக்கும் முன்னும் பின்னும் சமம், அதுக்கு மேல முன்னாடி 10 ஏறினா பின்னாடி 4 தான் ஏறும்னு வச்சுக்கோங்க. லோடு இருந்தா ராடு ஸ்பிரிங்குக்கு பலம் குடுக்குது, அந்த 30 இன்னும் மேல போயிடும்.

ஆனா இந்த வால்வுக்கு எடைன்னா என்னன்னே தெரியாது, சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மட்டும் தான் தெரியும். வண்டியை உயரமாக்கினாலோ கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டாலோ லோடு ஏத்தினாலும் காலின்னே நினைச்சுக்கும், முன் பிரேக்கே எல்லாத்தையும் சுமந்து சூடாகும். பட்டை தொய்ஞ்சு போனா நேர் எதிர், காலி வண்டியிலயே பின்னாடி லாக் ஆகும். சேறும் துருவும் சேர்ந்து ராடு ஜாம் ஆனா எந்த நிலையில நின்னுதோ அதுவே நிரந்தரம். சேஸிஸுக்கு ஜாக்கி குடுத்து பின் சக்கரம் தொங்கும்போது பிரேக் லைன்ல மாட்டின காத்தை வெளிய எடுத்தா பின்னாடி ஆயில் சரியா வராததுக்கும் வால்வு வண்டியை காலின்னு நினைக்கிறதே காரணமா இருக்கலாம், சக்கரம் தரையில இருக்கும்போது எடுத்துப் பாருங்க.